முயலுக்கும் ஒரு மூலை!

முயல் சாதுவான பிராணி. குரைக்காது. யாரையும் துரத்தாது. பாலும் மீனும் கேட்காது. புல்லைக் கொடுத்தால் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குப் படுத்திருக்கும்.

ஆனாலும், ஆசையோடு முயல் வாங்கும் வீடுகள், சில மாதங்களிலேயே அதை வெறுக்கத் தொடங்கிவிடுகின்றன.

காரணம் என்ன?

"வீடெல்லாம் புழுக்கை! வீடெல்லாம் நாற்றம்!" என்கிறார்கள்.

இது முயலின் குற்றமா? வளர்ப்பவர்களின் குற்றமா?

வளர்ப்பவர்களின் குற்றமே! முயல் இயற்கையிலேயே சுத்தத்தை விரும்பும் பிராணி. அதற்கு ஒரு மூலையைக் காட்டிவிட்டுச் சில வாரம் பொறுமையாக இருந்தால் போதும். பிறகு அது அந்த மூலையைத் தேடிப் போய்த்தான் சிறுநீர் கழிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் முயலைப் பழிப்பதில் நியாயம் இல்லை.

"முயலாவது, பழகுவதாவது!" என்று சிலர் சிரிப்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள் அவர்கள். முயலுக்கு நான்கு கால்தான். பழக்கினால் பழகும் என்பதும் அதே போன்ற உண்மைதான்.

மணிமங்கலத்து வீடுகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே இருக்கிறது மணிமங்கலம். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் இதுவும் ஒன்று. பெரிய ஏரியும் பழைய கோவில்களும் உள்ள ஊர்.

இன்று அந்தப் பக்கத்தின் பிழைப்பு வேறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் பெருகின. வேலை தேடி வந்த குடும்பங்கள் சுற்று வட்டார ஊர்களில் எல்லாம் குடியேறின. ஏரியும் வயலும் பார்த்த ஊர்களில், வரிசை வரிசையாக வாடகை வீடுகள் எழுந்தன.

ஓர் அறை. ஒரு சமையல் அறை. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். வாசலில் பொதுக் குழாய். அப்பா ஒரு ஷிப்டு. அம்மா வீட்டிலோ, இன்னொரு ஷிப்டிலோ. குழந்தைக்கு விளையாட இடம் இல்லை. துணைக்கு ஆளும் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. பழைய நாற்காலி முதல் பூச்செடி வரை எல்லாம் கிடைக்கும். புறா, கிளிக்குஞ்சு, முயல் எல்லாம் கூடையில் இருக்கும். பஞ்சுருண்டை போல ஒரு வெள்ளை முயல் குட்டி! குழந்தை நகர மறுக்கிறது. அப்பா விலை பேசுகிறார். அட்டைப் பெட்டியில் முயல் வீட்டுக்கு வருகிறது.

முதல் வாரம் கொண்டாட்டம். இரண்டாவது வாரம் கட்டிலுக்கு அடியில் ஈரம். மூன்றாவது வாரம் அரிசி மூட்டைக்குப் பின்னால் புழுக்கை. நான்காவது வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறார். மறுநாள் வீட்டுக்காரர் வருகிறார்.

"முயலை அனுப்புங்கள். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள்!"

வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? இரவோடு இரவாக முயலை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிறார். "அது சுதந்திரமாக இருக்கட்டும்" என்று குழந்தைக்குச் சொல்லிவிடுகிறார்.

அது சுதந்திரமா?

விடுதலை அல்ல, மரண தண்டனை!

நம் ஊர்க் காட்டில் திரியும் முயல் வேறு. வீட்டில் வளர்க்கும் முயல் வேறு.

காட்டு முயல் பழுப்பு நிறம். பின்கழுத்தில் கறுப்பு. நீண்ட கால். புல்லோடு புல்லாக ஒளியும். குழி தோண்டி வாழாது. பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டு முயலின் முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவர்கள். பல தலைமுறையாக மனிதன் கையில் வளர்ந்த முயலுக்கு, நாயைக் கண்டால் எங்கே ஓடுவது என்று தெரியாது. வெள்ளை நிறம் இருட்டிலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். நாயும் பூனையும் கீரியும் சும்மா இருக்குமா? விடிவதற்குள் கதை முடிந்துவிடும்.

தப்பிப் பிழைத்தால் அதுவும் ஆபத்துதான். 1859-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர், வேட்டையாடி மகிழ்வதற்காகச் சில முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை கோடிக் கணக்கில் பெருகிப் பயிரையும் புல்லையும் அழித்தன. அவற்றைத் தடுக்க 1901 முதல் 1907 வரை, மேற்கு ஆஸ்திரேலியாவில் 3,200 கிலோ மீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள்! அப்படியும் முயல் அடங்கவில்லை.

ஆகவே, முயலை வெளியே விடுவது எந்த வகையிலும் புண்ணியம் அல்ல. வாங்கியவர் கடைசி வரை காப்பாற்ற வேண்டும். நன்றாகக் கவனித்தால் முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த முயல், அந்தக் குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும்போதும் உடன் இருக்கக்கூடும்.

அப்படிக் காப்பாற்ற முடியுமா, முடியாதா என்பதைப் பெரும்பாலான வீடுகளில் ஒரே விஷயம் முடிவு செய்கிறது. அதுதான் கழிவுப் பழக்கம்.

மூலையின் ரகசியம்

வளையில் வாழும் முயல்கள் கண்ட இடத்தில் அசுத்தம் செய்வதில்லை. தங்கள் எல்லைக்குள் சில இடங்களை ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன. திரும்பத் திரும்ப அங்கேயே போகின்றன. வீட்டு முயலுக்கும் அந்தப் புத்தி இருக்கிறது. அறைக்குள் விட்டால் சுற்றிப் பார்க்கும். முகரும். பிறகு ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும். ஆக, மனிதன் முயலுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்குத் தெரிந்ததைச் செய்ய ஓர் இடம் கொடுத்தால் போதும்.

பண்ணைகளில் முயலைக் கம்பி வலைக் கூண்டில் வளர்க்கிறார்கள். புழுக்கை கம்பி வழியே கீழே விழுந்துவிடும். பண்ணைக்கு அது சௌகரியம். அப்படி வளர்ந்த முயலை ஒருநாள் சிமெண்டுத் தரையில் கொண்டுவந்து விட்டால், அதற்கு எந்த இடம் எதற்கு என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் முயல் என்றால் கொல்லைப்புறக் கூண்டுதான். 1985-ம் ஆண்டில் மரினெல் ஹாரிமன் என்ற பெண்மணி, வீட்டுக்குள் முயல் வளர்ப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார். 1988-ல் கலிபோர்னியாவில் வீட்டு முயல்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பூனையைப் போல முயலும் வீட்டுக்குள் சுத்தமாக வாழும் என்பதை அவர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். கைவிடப்பட்ட முயல்களை எடுத்துப் பழக்கி, வேறு வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

அங்கே முடிந்தது இங்கே முடியாதா? முயலுக்குத் தேசம் ஏது?

என்ன செய்ய வேண்டும்?

பெரிய செலவு இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப், பழைய செய்தித்தாள், காய்ந்த புல். இவ்வளவுதான்.

முதல் காரியம்: முயலுக்கு முதல் நாளே வீடு முழுவதையும் திறந்துவிடக் கூடாது. சிறு வேலி போட்டோ, பலகை வைத்து மறித்தோ ஒரு சிறிய இடம் கொடுக்க வேண்டும். எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். அந்த மூலையில்தான் டப்பை வைக்க வேண்டும். மனிதனுக்குப் பிடித்த மூலையில் வைத்துவிட்டு, "போகமாட்டேன் என்கிறதே" என்று வருந்திப் பயன் இல்லை.

டப் பெரிதாக இருக்க வேண்டும். முயல் உள்ளே உட்கார்ந்து தாராளமாகத் திரும்ப இடம் வேண்டும். ஒரு பக்கம் தாழ்வாக இருந்தால் குட்டியும் கிழட்டு முயலும் சுலபமாக ஏறும்.

டப்பின் அடியில் செய்தித்தாளைப் பல மடிப்பாகப் போட வேண்டும். அதன்மேல் கிழித்த காகிதமோ வைக்கோலோ பரப்ப வேண்டும். வழவழப்பான வர்ணக் காகிதம் வேண்டாம். பொடியான மரத்தூள் வேண்டாம். தூசி மூக்கில் ஏறும். பூனைக்காகக் கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மண் வேண்டவே வேண்டாம்! முயல் எதையும் கடித்துப் பார்க்கும். அந்த மண் வயிற்றில் போய் அடைத்தால் உயிருக்கு ஆபத்து.

அடுத்ததுதான் முக்கியம். டப்பின் ஒரு பக்கத்தில் காய்ந்த புல்லை வைக்க வேண்டும். அல்லது டப்புக்கு மேலே எட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஏன்? முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. புல் எங்கே இருக்கிறதோ அங்கே உட்காரும். உட்காரும் இடத்திலேயே வேலையை முடித்துவிடும். சோறும் கழிப்பிடமும் ஒரே இடத்திலா என்று முகம் சுளிக்க வேண்டாம். அது முயலின் வழக்கம்.

சிறுநீர் பட்ட காகிதத் துண்டையும் நாலு புழுக்கையையும் எடுத்து டப்பில் போட்டுவைக்க வேண்டும். "இதுதான் உன் இடம்" என்று மூக்குக்குச் சொல்லும் பாஷை அது. வெளியே சிறுநீர் கழித்துவிட்டால், அந்த இடத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைக்க வேண்டும். வாசனை இருந்தால் மறுபடியும் அங்கேயே போகும்.

டப்பைத் தினமும் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு முறை, தவறினால் இரண்டு நாளுக்கு ஒரு முறை காகிதத்தை மாற்ற வேண்டும். சிறுநீர் தேங்கினால் எழும் நெடி மனிதனுக்கு மட்டும் அல்ல, முயலின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். ஆனால் பழகும் நாட்களில் டப்பைப் பளபளவென்று கழுவிவிடக் கூடாது. நாலு புழுக்கையை விட்டுவைத்தால்தான் முயலுக்கு அடையாளம் தெரியும்.

சிறிய இடத்தில் தவறாமல் டப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைப் பெரிதாக்கலாம். தவறினால் மீண்டும் இடத்தைச் சுருக்க வேண்டும். அவசரம் கூடாது.

இரண்டொரு புழுக்கை வெளியே சிதறத்தான் செய்யும். ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும் பிராணி அது! ஆனால் அந்தப் புழுக்கை உருண்டையாக, காய்ந்து, வாசனை இல்லாமல் இருக்கும். துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினால் போயிற்று. நாறுவது சிறுநீர்தான். அது டப்புக்குப் போய்விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்தப் புழுக்கையும் வீண் இல்லை. வாசலில் இருக்கும் ரோஜாச் செடிக்கும் கத்தரிச் செடிக்கும் நல்ல எரு.

அடித்தால் பழகுமா?

அடித்தால் பழகாது. மிரளத்தான் மிரளும்.

முயல் பிறரால் வேட்டையாடப்படும் பிராணி. கை ஓங்கினால் அதற்குத் தெரிவது ஒன்றுதான்: "என்னைக் கொல்ல வருகிறார்கள்!" ஏன் அடித்தார்கள் என்பது அதற்கு விளங்காது. மூக்கைப் புழுக்கையில் தேய்ப்பது இன்னும் மடமை. மிரண்ட முயல், பயத்திலேயே கண்ட இடத்தில் சிறுநீர் விடும். பிறகு மனிதன் இன்னும் அடிப்பான். முயல் இன்னும் மிரளும். இதற்கு முடிவு ஏது?

காதைப் பிடித்துத் தூக்குகிறார்களே, அதுவும் கொடுமை. காது கைப்பிடி அல்ல! மார்புக்கு அடியில் ஒரு கை, பின்புறத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்து, உடம்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். பிடி சரியில்லாமல் முயல் உதைத்தால், அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

தவறான இடத்தில் உட்காரும்போது, மெதுவாகப் பேசிக்கொண்டே டப்பின் பக்கம் நகர்த்த வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு கொத்தமல்லித் தழை கொடுக்க வேண்டும். திட்டுக்குப் பழகாத முயல் தழைக்குப் பழகும்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். முயல் அந்தப் பழமொழியைப் பொய்யாக்குகிறது. இதைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்ப்பது எவ்வளவு நல்லது! ஓர் உயிரைப் பயமுறுத்தாமலே பழக்கலாம் என்று தெரிந்துகொண்ட குழந்தை, நாளைக்குத் தன் தம்பியையும் தன் பிள்ளையையும் வேறு விதமாக நடத்தும்.

வயது வந்த முயல்

நன்றாகப் பழகிய குட்டி, 4 மாதம் முதல் 6 மாதத்துக்குள் திடீரென்று மாறும். சுவரில் சிறுநீரைத் தெளிக்கும். வீடெங்கும் புழுக்கை போடும். "எல்லாம் மறந்துவிட்டது" என்று எண்ணுகிறார்கள். மறக்கவில்லை. வயதுக்கு வந்துவிட்டது! "இது என் எல்லை" என்று அறிவிக்கிறது.

இதற்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நல்ல வழி. அதற்குப் பிறகு தெளிக்கும் பழக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். பெண் முயலுக்கு வயதான காலத்தில் கருப்பையில் புற்றுநோய் வருவதும் தடுக்கப்படும். ஆனால் முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனி அனுபவம் தேவை. அந்த அனுபவம் உள்ள மருத்துவரிடமே போக வேண்டும். சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரிக்கலாம்.

"துணைக்கு இன்னொன்று இருக்கட்டும்" என்று ஆணும் பெண்ணுமாக வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முயலின் சினைக் காலம் சுமார் 31 நாள்தான். குட்டி போட்ட உடனே மறுபடியும் சினையாகக்கூடும். ஓர் அறை வீட்டில் இரண்டு முயல் பத்து முயல் ஆனால், எத்தனை டப் வைத்தாலும் போதாது!

எதற்குப் பயப்பட வேண்டும்?

முயலின் சிறுநீர் சில நாள் சிவப்பாகவோ, செங்கல் நிறமாகவோ இருக்கும். ரத்தம் என்று அலறுகிறார்கள். தழையில் உள்ள நிறத்தாலும் அப்படி ஆகும். முயல் சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் முதலில் பதற வேண்டியதில்லை. முக்கி முக்கிச் சிறுநீர் விட்டாலோ, சொட்டுச் சொட்டாக விட்டாலோதான் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

முயல் தன் ஆசனவாயிலிருந்து மெத்தென்ற உருண்டையை எடுத்துத் தின்னும். அருவருப்படைய வேண்டாம். அது கழிவு அல்ல. ஒரு முறை செரித்த உணவிலிருந்து மீதிச் சத்தையும் பெற இயற்கை செய்த ஏற்பாடு. மாடு அசை போடுவது போலத்தான். அதைத் தடுத்தால் முயல் மெலியும்.

உண்மையில் பயப்பட வேண்டியது எதற்குத் தெரியுமா? புழுக்கை இல்லாமல் போவதற்கு! அரை நாளாக முயல் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் குடல் இயக்கம் நின்றுவிட்டது என்று பொருள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உடனே மருத்துவரிடம் எடுத்துப் போகாவிட்டால் உயிர் போய்விடும்.

டப் வைத்திருப்பதன் பெரிய நன்மை இதுதான். காலையில் டப்பைப் பார்த்தாலே முயலின் உடல்நிலை தெரிந்துவிடும். புழுக்கை சிறுத்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். வீடெங்கும் சிதறிக் கிடந்தால் யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

புழுக்கை ஒழுங்காக இருக்க வேண்டுமானால் உணவு ஒழுங்காக இருக்க வேண்டும். முயலுக்கு முக்கிய உணவு புல்லும் காய்ந்த புல்லும்தான். அறுகம்புல் நல்லது. வைக்கோல் படுக்கைக்கு உதவும். அதில் சத்துக் குறைவு, அதையே உணவாக்கக் கூடாது. தினமும் காரட் கொடுப்பது படத்தில் பார்த்த பழக்கம். காரட்டில் இனிப்பு அதிகம். சிறு துண்டு போதும். சோறு, ரொட்டி, பிஸ்கட் மூன்றும் வயிற்றைக் கெடுக்கும். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லைக் கடித்து மென்றால்தான் அது தேயும்.

நாய்க்கு உண்ணி போக்கப் போடும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடவே கூடாது. முயலுக்கு அது விஷம். சொறி வந்தால் மருத்துவரிடமே காட்ட வேண்டும். அந்தச் சொறி மனிதருக்கும் ஒட்டும். முயலைத் தொட்ட குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும்.

கூட்டுவது யார்?

இங்கேதான் உண்மையான கேள்வி வருகிறது.

முயல் வாங்குவது அப்பா. கொஞ்சுவது குழந்தை. கூட்டுவது யார்? அம்மா!

சமையல், தண்ணீர், துணி, குழந்தை எல்லாவற்றோடும் முயல் புழுக்கையும் அம்மாவின் தலையில் விழுகிறது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. முயலை வெறுக்கும் முதல் ஆளாக அவள் ஆவதில் ஆச்சரியம் என்ன? உண்மையில் அவள் வெறுப்பது முயலை அல்ல. தன்னைக் கேட்காமல் தன் மேல் ஏற்றிய சுமையைத்தான்!

ஆகவே முயல் வாங்குவதற்கு முன்பே வேலையைப் பங்கு போட வேண்டும். புல் கொண்டுவருவது யார்? தண்ணீர் வைப்பது யார்? டப்பை மாற்றுவது யார்? ஏழெட்டு வயதுக் குழந்தை காகிதம் மடித்துப் போடலாம். சிதறிய புழுக்கையைக் கூட்டி அள்ளலாம். டப்பைக் கழுவுவது அப்பாவின் வேலையாக இருக்கட்டும். வாங்கியவர் அவர்தானே!

முயலுக்கும் ஷிப்டு உண்டு. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அது துள்ளி விளையாடும். நடுப்பகலில் தூங்கும். காலை ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு கால் மணி நேரம், மாலையில் ஒரு கால் மணி நேரம் வீட்டார் சேர்ந்து ஒதுக்கினால், டப் சுத்தமாகிவிடும்.

"மனிதனுக்கே இடம் இல்லை!"

இப்படியும் ஒரு கட்சி உண்டு. "நாலு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பிடம். இதில் முயலுக்குத் தனிக் கழிப்பிடமா?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். வாடகை வீடுகளில் தண்ணீரும் கழிப்பிடமும் போதிய அளவு இல்லாதது பெரிய குறை. அது தீர வேண்டும். ஆனால் முயலின் டப்பு யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. மாறாக, தரையில் தவழும் கைக்குழந்தைக்குச் சுத்தமான தரையைக் கொடுக்கிறது. பக்கத்து வீட்டாரோடு சண்டை வராமல் காக்கிறது. இடம் குறைவான வீட்டில்தான் ஒழுங்கு அதிகம் தேவை. பங்களாவில் முயல் எங்கே போனாலும் யாருக்கும் தெரியாது!

வீட்டுக்காரர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். "பிராணியே கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதற்குப் பதிலாக, "சுத்தமாக வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், நாற்றம் வந்தால் சொல்வேன்" என்று கூறலாம். சொந்த ஊரை விட்டு வந்து, நான்கு சுவருக்குள் வளரும் குழந்தைக்கு ஓர் உயிரின் துணை சிறிய விஷயம் அல்ல. அதுபோல, குடியிருப்பவர்களும் முயலைக் கொண்டுவருவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஒளித்து வளர்த்தால் சிறு வாசனையும் பெரிய சண்டையாகும்.

விற்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பிராணிகளை விற்கும் கடைகள் பதிவு பெற வேண்டும் என்று 2018-ம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. முயலை விற்கும்போது, அது என்ன தின்னும், எப்படித் தூக்குவது, டப்பு எப்படி வைப்பது என்று நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? மிக்சி வாங்கினால்கூட உபயோகிக்கும் முறை அச்சிட்டுத் தருகிறார்கள். உயிருக்கு அது கூடவா இல்லை?

வாங்காமல் இருப்பதும் அன்பே!

கடைசியாக ஒன்று.

எல்லா வீட்டுக்கும் முயல் ஏற்றது அல்ல. முயலுக்கு வியர்க்காது. காது வழியாகவே உடல் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினாலே அதற்கு வேதனை. காஞ்சிபுரம் பக்கத்தில் மே மாதம் 40 டிகிரி சாதாரணம். தகரக் கூரை, ஷீட்டுக் கூரை வீட்டில், பகலெல்லாம் பூட்டிய அறையில் முயலை விட்டுப் போவது, அடுப்பில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். நிழலும் காற்றோட்டமும் உள்ள தரைத்தள வீடாக இருந்தால், ஈரத் துணியாலும், தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிய பாட்டிலாலும் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது.

குழந்தை அழுமே என்பீர்கள். ஒரு நாள் அழும். வாங்கிவந்த முயல் மூச்சிரைத்துச் சாவதைப் பார்த்தால் அழுகை ஒரு நாளில் தீருமா?

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் குடும்பமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் முயலுக்கு நிழல் இருக்கிறதா? தினமும் டப்பை மாற்ற ஆள் இருக்கிறதா? பத்து ஆண்டு வைத்துக்கொள்ள மனம் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் வாங்கலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் சந்தையில் பார்த்து மகிழ்ந்துவிட்டு வந்துவிட வேண்டும்.

முயல் கேட்பது அதிகம் இல்லை. ஒரு பிடி புல், ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் நிழல், ஒரு மூலை. அந்த மூலையை அதற்கு ஒதுக்கிக் கொடுத்தால், மீதி வீட்டை அது நமக்குச் சுத்தமாக விட்டுவைக்கும்.

ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும் கை, முதல் நாளே ஒரு டப்பை எடுத்து வைத்திருந்தால், அந்த உயிர் பிழைத்திருக்கும்!